எத்தனை தரம்? ஒப்படைகளில் வரும் மடக்கையை விளங்கிக்கொள்வது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பிள்ளைகள் கொப்பிகளை விரித்துக்கொண்டு இருந்தார்கள். மூவரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் முதலாம் வருடம். ஒருத்தி இரசாயனவியல் படிக்கிறாள், ஒருவன் முகாமைத்துவம், மற்றவள் கணினி விஞ்ஞானம். சாதாரண தரத்துக்கு மூவருக்கும் கணிதம் படிப்பித்தவள் நான். அந்த உரிமையோடுதான் ஒப்படைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலாவது கேள்வி: ஒரு கரைசலில் ஐதரசன் அயன்களின் செறிவு லீற்றருக்கு 0.0002 மூல். அதன் பீஎச் (அமிலத்தன்மையைச் சொல்கிற அளவு) பெறுமானம் என்ன? இரண்டாவது: வருடத்துக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் எடுக்கும்? மூன்றாவது: ஒழுங்காக அடுக்கிய பத்து இலட்சம் பதிவுகளில் ஒன்றை பைனரி சேர்ச் முறையில் தேடினால் ஆகக் கூடியது எத்தனை தரம் ஒப்பிட வேண்டிவரும்?

முதல் இரண்டுக்கும் விடை சரியாக இருந்தது. மூன்றாவதில்தான் சிக்கல். பத்து இலட்சத்தைப் போட்டு லொக் பொத்தானை அமத்தினால் கல்குலேற்றர் 6 என்கிறது. கணினி விஞ்ஞானப் பிள்ளையோடு படிக்கிறவர்கள் 20 என்று எழுதியிருக்கிறார்கள்.

“ரீச்சர், மூண்டு கேள்வியிலயும் லொக் வருது. சமன்பாட்டில போட்டால் விடையும் வருது. ஆனா ஏன் வருது எண்டு எங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை” என்றாள் அந்தக் கணினிப் பிள்ளை.

இது எனக்குச் சுட்டது. மடக்கை அட்டவணையை இடப்பக்கத்தில் எப்படிப் பார்ப்பது, மேல் வரிசையில் எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்குப் பழக்கியது நான்தான். பாடத்திட்டம் முடிக்கிற அவசரத்தில் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று நின்று சொல்லியிருக்கமாட்டேன். பாடசாலையில் தமிழில் ‘மடக்கை’ என்று படித்தது, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் ‘லொக்’ என்று வந்து நிற்கும்போது, இரண்டும் ஒன்றுதான் என்பதே சில பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டுவதில்லை. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கொப்பித் தாளைக் கிழித்து நடுவால் மடித்தேன். இரண்டு படை. இன்னொரு தரம் மடித்தேன், நான்கு படை. அடுத்தது எட்டு, பிறகு பதினாறு. “இப்ப சொல்லுங்கோ, 64 படை வரவேணுமெண்டால் எத்தனை தரம் மடிக்கவேணும்?” விரல் மடித்து எண்ணிப் பார்த்து ஆறு என்றார்கள். அந்த ஆறுதான் மடக்கை. இன்னும் சரியாகச் சொன்னால், அடி 2 இல் 64 இன் மடக்கை 6.

நல்ல சொல் அது. மடிப்பதும், மடக்குவதும், இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று சொல்வதும் எல்லாம் அதற்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. “எத்தனை தரம் பெருக்கினால் இந்த எண் வரும்?” இதுதான் மடக்கை கேட்கிற ஒரே கேள்வி. சுட்டி முன்னோக்கிப் போகிறது: 2 ஐ ஆறு தரம் பெருக்கு, 64 வரும். மடக்கை அதே வழியால் திரும்பி வருகிறது: 64 வந்துவிட்டது, எத்தனை தரம் பெருக்கினாய்?

எத்தால் பெருக்குகிறோமோ அது அடி. அடி 10 என்றால் கணக்கு இன்னும் இலேசு. 10 ஐ மூன்று தரம் பெருக்கினால் 1000, ஆகவே 1000 இன் மடக்கை 3. 1 க்குப் பின்னால் உள்ள பூச்சியங்களை எண்ணினாலே போதும். அப்படியென்றால் 500 இன் மடக்கை? 100 க்கு 2, 1000 க்கு 3, ஆகவே இடையில் ஏதோ ஒன்று. அட்டவணையைப் பார்த்தால் 2.6990. இரண்டு தரத்துக்கு மேலே, மூன்று தரத்துக்குக் கீழே. ‘இரண்டரைத் தரத்துக்குச் சற்றுக் கூடப் பெருக்குவது’ என்பது முதலில் கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பணமும் பக்டீரியாவும் வருட முடிவில் மட்டும் ஒரே பாய்ச்சலாக வளர்வதில்லை, இடையிலும் வளர்கின்றன என்று நினைத்தால் பிடிபடும்.

இன்னொரு விடயத்தையும் இந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூன்று ஒப்படைக்கும் இதுதான் சாவி. 100 ஐ 1000 ஆல் பெருக்கினால் 100,000. பூச்சியங்களைப் பாருங்கள்: இரண்டும் மூன்றும் ஐந்து. எண்களைப் பெருக்கும்போது மடக்கைகள் கூடுகின்றன. 2 இன் மடக்கை 0.3010, 3 இன் மடக்கை 0.4771. கூட்டினால் 0.7781. அட்டவணையில் 6 க்கு நேரே பாருங்கள், 0.7782 நிற்கும்; கடைசி இலக்கத்தில் உள்ள ஒன்று வட்டமாக்கலால் வந்தது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் 1614 இல் முதல் மடக்கை அட்டவணையை வெளியிட்டதும் இதற்காகத்தான். நீண்ட எண்களைப் பெருக்கியே களைத்துப்போன வானியலாளர்களுக்குக் கூட்டல் போதும் என்று ஆனது. ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அவரைத் தேடி எடின்பரோவுக்கே போய்ப் பேசினார். நாங்கள் இன்று பார்க்கிற அடி 10 அட்டவணை அவருடைய உழைப்பில் வந்தது.

இனி முகாமைத்துவப் பிள்ளையின் கேள்வி. ஒரு இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போடுகிறோம், வட்டியை எடுக்காமல் விடுகிறோம். முதல் வருட முடிவில் 108,000. இரண்டாம் வருடம் 108,000 க்கும் சேர்த்து வட்டி, ஆகவே 116,640. மூன்றாம் வருட முடிவில் 125,971. ஒவ்வொரு வருடமும் நடப்பது ஒன்றுதான்: 1.08 ஆல் ஒரு தரம் பெருக்குகிறோம். ஆகவே கேள்வி ‘எத்தனை வருடம்’ என்று இருந்தாலும் உள்ளே இருப்பது ‘1.08 ஆல் எத்தனை தரம் பெருக்கினால் 2 வரும்’ என்பதுதான்.

பெருக்கல் மடக்கையில் கூட்டலாகிறது என்று சொன்னேனே. 1.08 இன் மடக்கை 0.0334. வருடத்துக்கு 0.0334 வீதம் கூட்டிக்கொண்டு போகிறோம். போய்ச் சேரவேண்டிய இடம் 2 இன் மடக்கையான 0.3010. 0.3010 க்குள் எத்தனை 0.0334 இருக்கிறது? வகுத்தால் 9.01. ஒன்பது வருடம். கையால் பெருக்கிப் பார்த்தாலும் ஒன்பதாம் வருட முடிவில் 199,900 ரூபாவில் வந்து நிற்கும், நூறு ரூபாதான் குறை.

அவன் முதலில் 12.5 என்று எழுதி வெட்டியிருந்ததைக் கண்டேன். 100 ஐ 8 ஆல் வகுத்திருக்கிறான். அது தனி வட்டிக்குச் சரி. கூட்டு வட்டியில் வட்டியும் குட்டி போடுவதால் மூன்றரை வருடம் முந்துகிறது. வைப்பில் போட்டவருக்கு அது நல்ல சேதி. கடன் எடுத்தவருக்கு அதே கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கி, கட்டாத வட்டியும் முதலோடு சேர்கிறது என்று வைத்தால், 1.02 இன் மடக்கை 0.0086. 0.3010 ஐ அதால் வகுத்தால் 35. மூன்று வருடம் முடிய முன்னமே கடன் இரண்டு மடங்கு. “ரெண்டு வட்டிதானே” என்று சொல்லி நகையைக் கழற்றுகிற வீடுகளை நினைத்தால், இந்த ஒரு வகுத்தலை எல்லாரும் செய்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்குலேற்றர் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: 72 ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் வரும். 8 க்கு 9, 12 க்கு 6. நம்பிப் பாவிக்கலாம், ஆனால் வீதம் சிறிதாக இருக்கும்வரைதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த வேகம் அப்படியே நீடித்திருந்தால் விலைகள் எப்போது இரட்டிப்பாகியிருக்கும்? குறுக்கு வழி ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூட என்கிறது. மடக்கையில் போட்டுப் பார்த்தால், 0.3010 ஐ 1.7 இன் மடக்கையான 0.2304 ஆல் வகுக்க 1.31 வருடம், கிட்டத்தட்ட 16 மாதம். மூன்று மாதத்துக்கு மேல் பிழை. ஒப்படையில் குறுக்கு வழியை எழுதுகிறவர்கள் எந்த இடத்தில் அது விட்டுவிடும் என்பதையும் ஒரு வரி எழுதினால் விரிவுரையாளர் கவனிப்பார்.

இரசாயனவியல் கேள்வியில் மடக்கைக்கு வேறு வேலை. இங்கே எதுவும் வளரவில்லை. மிகச் சிறிய எண்களைக் கையில் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. தூய நீரில், 25 பாகையில், ஐதரசன் அயன் செறிவு லீற்றருக்கு 0.0000001 மூல். தேசிக்காய்ச் சாற்றில் கிட்டத்தட்ட 0.01 மூல். இப்படியான எண்களை யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 1909 இல் சோரன்சன் என்ற டென்மார்க் இரசாயனவியலாளர் பத்தின் சுட்டியை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும் என்று பீஎச் என்ற அளவுத்திட்டத்தை உண்டாக்கினார். தூய நீருக்கு 7, தேசிக்காய்க்கு 2. அவர் வேலை செய்தது கொப்பன்ஹேகனில் பியர் தயாரிக்கும் கம்பனி ஒன்று நடத்திய ஆய்வுகூடத்தில். நொதித்தலுக்கு அமிலத்தன்மை எவ்வளவு முக்கியம் என்பதைத் தினமும் பார்த்த இடம்.

நொதித்தல் என்றதும் எங்களுக்குப் பனைதான் ஞாபகம் வரும். பாளையில் முட்டி கட்டும்போது உட்பக்கம் சுண்ணாம்பு பூசினால் வருவது கருப்பநீர். பூசாமல் விட்டால் அதே நீர் நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பீஎச்சை 7 க்கு மேலே ஏற்றிவிடுவதால் நொதியச் செய்கிற நுண்ணுயிர்களுக்கு அங்கே இடமில்லை. கள்ளு புளித்து 4 அளவுக்கு இறங்கும். ஒரு முட்டியில் கருப்பநீர் 8, பக்கத்து முட்டியில் கள்ளு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளில் ஐதரசன் அயன் எத்தனை மடங்கு கூட?

“ரெண்டு மடங்கு” என்றாள் இரசாயனவியல்காரி. கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். 8 க்கும் 4 க்கும் இடையே நான்கு படிகள். ஒவ்வொரு படியும் பத்தால் ஒரு பெருக்கல். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம். பத்தாயிரம் மடங்கு! எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் 7 க்குச் சற்று மேலே இருப்பது வழமை. அது 7.5 இலிருந்து 6.5 க்கு இறங்கினால் ‘ஒன்றுதானே’ என்று விடமுடியாது, அயன்கள் பத்து மடங்காகியிருக்கின்றன.

சமன்பாட்டில் ஏன் ஒரு கழித்தல் குறி நிற்கிறது என்றும் கேட்டாள். 1 ஐவிடச் சிறிய எண்ணுக்குப் போவதென்றால் பத்தால் பெருக்குவதை விட்டு வகுக்கவேண்டும், அதனால் மடக்கை மறையாக வரும். 0.001 இன் மடக்கை −3. எந்நாளும் மறை எண்ணோடு மல்லுக்கட்டாமல் இருக்க, முன்னால் ஒரு கழித்தல் போட்டு நேராக்கிவிட்டார்கள். அவளுடைய ஒப்படையில் 0.0002 என்பது 2 ஐப் பத்தால் நாலு தரம் வகுத்தது. மடக்கை 0.3010 − 4, அதாவது −3.699. குறியைத் திருப்பினால் பீஎச் 3.70. அட்டவணையே வேண்டாம், 2 இன் மடக்கை மனதில் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் பரீட்சைக்காரர் வைக்கிற கண்ணி ஒன்று உண்டு. பீஎச் 3 உள்ள வன்னமிலக் கரைசலும் 5 உள்ள வன்னமிலக் கரைசலும் சம கனவளவில் கலக்கப்படுகின்றன, கலவையின் பீஎச் என்ன? கை தானாக 4 என்று எழுதும். மடக்கைகளைச் சராசரி எடுக்கக் கூடாது. முதலில் செறிவுகளுக்குத் திரும்பிப் போங்கள்: 0.001 உம் 0.00001 உம். சராசரி 0.000505. அதன் பீஎச் 3.30. பலமான கரைசல்தான் கலவையை இழுத்துக்கொண்டு போகிறது.

நில அதிர்வும் இதே சாதி. 2004 டிசம்பர் 26 அன்று வடமராட்சி கிழக்குக் கரையைக் கடல் கொண்டுபோக வைத்த சுமாத்திரா அதிர்வின் பருமன் 9.1. ஒரு அலகு கூடினால் வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 32 மடங்கு. 7.1 ஓடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு. பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு அரைவாழ்வுக் காலக் கணக்கும் வரும். கந்தரோடை மாதிரி ஒரு தொல்லியல் இடத்தில் கிடைத்த கரித்துண்டில் காபன்-14 இல் 74 சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தால், ‘பாதியாக்கல் எத்தனை தரம் நடந்திருக்கிறது’ என்று கேளுங்கள். 0.74 இன் மடக்கை −0.1308, 0.5 இன் மடக்கை −0.3010. வகுத்தால் 0.4345 தரம். ஒரு தரத்துக்கு 5730 வருடம், ஆகவே ஏறத்தாழ 2490 வருடம். வட்டிக் கணக்கில் செய்ததையே இங்கேயும் செய்தோம்.

கணினிப் பிள்ளை இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்தாள். அவளுக்கு அகராதி ஒன்றை நினைக்கச் சொன்னேன். 1842 இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரிமார் வெளியிட்ட யாழ்ப்பாண அகராதியில் சுமார் 58,500 சொற்கள். ‘முட்டி’ என்ற சொல்லைத் தேடுகிறோம். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் பல்லாயிரம் சொற்களைத் தாண்டவேண்டும். நாங்கள் யாரும் அப்படித் தேடுவதில்லை. நடுவில் விரிக்கிறோம். ‘மு’ அதற்கு முன்னா பின்னா? பின்னே என்றால் முன்பாதியை அப்படியே விட்டுவிடுகிறோம். மிஞ்சியது 29,250. திரும்ப நடுவில் விரிக்கிறோம், 14,625. ஒரு பார்வைக்கு ஒரு பாதி போய்விடுகிறது. தாளை மடித்ததன் மறுபக்கம் இது: 58,500 ஐ எத்தனை தரம் பாதியாக்கினால் ஒரு சொல் மிஞ்சும்? 2 ஐப் பதினாறு தரம் பெருக்கினால் 65,536. ஆகவே பதினாறு பார்வைக்குள் எந்தச் சொல்லும் அகப்பட்டுவிடும். பைனரி சேர்ச்சின் வேகத்தை ‘ஓ லொக் என்’ என்று அவளுடைய குறிப்புகளில் எழுதியிருப்பதன் பொருள் இவ்வளவுதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, சொற்கள் அகர வரிசையில் இருக்கவேண்டும். அடுக்காத பட்டியலில் நடுவைப் பார்த்து எந்தப் பாதியையும் கழிக்க முடியாது. ஒப்படைகளில் இந்த ஒரு வரியை மறந்து புள்ளி இழக்கிறவர்கள் கனபேர்.

“அப்ப ஏன் ரீச்சர் கல்குலேற்றர் 6 எண்டது?”

கேள்வி அங்கேதான் வந்து நின்றது. அந்தப் பொத்தான் எப்போதும் அடி 10 இல் பேசுகிறது. பத்து இலட்சம் என்பது பத்தால் ஆறு தரம் பெருக்கியது, ஆகவே 6 பிழையில்லை. ஆனால் தேடலில் ஒவ்வொரு தரமும் பட்டியல் இரண்டாகத்தான் பிரிகிறது, பத்தாகப் பிரிவதில்லை. அம்மாவிடமிருந்து பழைய சீலைத்துண்டு ஒன்றை வாங்கி அவளிடம் கொடுத்து யார்க் கணக்கில் எவ்வளவு, முழக் கணக்கில் எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். துணி அதே துணி. அளவுகோல் சிறிதானால் எண்ணிக்கை கூடும். அடி 10 என்ற நீண்ட கோலால் அளந்தால் பத்து இலட்சத்துக்கு 6 வருகிறது. அடி 2 என்ற குட்டைக் கோல் அந்த நீண்ட கோலில் எவ்வளவு? 2 இன் மடக்கை, 0.3010. அப்படியென்றால் 6 க்குள் எத்தனை 0.3010?

அவள் தானே வகுத்தாள். 19.93. ஒப்பீடு அரைகுறையாகச் செய்ய முடியாது என்பதால் 20 என்று எழுதி, பக்கத்தில் ஏன் என்றும் ஒரு வரி எழுதினாள்.

“இருபது இலட்சம் பதிவெண்டால்?” என்று கேட்டேன். அவள் கல்குலேற்றரை எடுக்கப் போக, முகாமைத்துவப் பிள்ளை தன் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “இருபத்தொண்டு” என்றான்.